பந்து வராத பக்கம்

"பேரு முந்திப் போகும், ஆளு..."

அதற்கு மேல் ஆவுடையப்பனுக்கு ஞாபகம் வரவில்லை. கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேச எழுந்தால் பெரியப்பா இதைச் சொல்லாமல் உட்காரமாட்டார். ஆள் பின்னாலேயே வந்து சேருமா, பாதி வழியில் நின்றுவிடுமா? பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்ற அவசரத்தில் யாரும் முழுதாகக் கேட்டதில்லை.

"எனக்கு ஒரு பதில் வேணும், இசக்கியம்மா."

இசக்கியம்மாள் அந்த பேஸ்பால் மைதானத்து மண்ணைப் பார்த்துக்கொள்பவர். ஆட்டம் முடிந்ததும் வயலில் அடிப்பதுபோலப் பரம்புப் பலகையை இழுத்துச் செம்மண்ணைச் சமன் செய்வார். ஆவுடையப்பனைவிட எட்டு வயது இளையவர். ஆவுடையப்பன் இருபது வருஷம் அமெரிக்காவில் இருந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். மாவட்ட அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர். இருந்தாலும் முடிச்சு விழுந்தால் இங்கேதான் வருவார்.

"நான் மண்ணுக்காரி சார். பதிலெல்லாம் ஆபீஸ்ல இருக்கும்."

"ஆபீஸ்லதான் கேள்வியே இருக்கு. ஷார்ட்ஸ்டாப் இடம் ஒண்ணுதான் பாக்கி. அஞ்சு மணிக்குள்ள பேர் குடுக்கணும். ரூபனா, பேச்சிமுத்துவா?"

"ஊரு என்ன சொல்லுது?"

"ரூபன்."

"பேப்பரு?"

"பறக்கும் ரூபன்னே போடுது."

"அத எழுதுதது யாரு?"

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார்.

"நான்தான்."

"அப்ப பேப்பரும் நீங்க, அதப் படிச்ச ஊரும் நீங்க. ரெண்டு ஓட்டு விழுந்தாச்சு. எனக்கு எதுக்கு சார் மூணாவது?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பேச்சிமுத்துவப் பத்தி என்ன எழுதினீங்க?"

"பேச்சிமுத்துவும் ஆடினார்னு ஒரு வரி."

"ஒரு வரியா! பய அத வெட்டி பர்ஸுல வச்சிருப்பான்."

"கேலி பண்ணாதீங்க. அவனுக்கு இருபத்தொண்ணு முடியப்போகுது. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம் இந்த வயசுப் பிரிவுல சேர்க்கமாட்டாங்க. ரூபனை விட்டா ஊரு என்னைச் சேர்க்காது."

இசக்கியம்மாள் பலகையின் கயிற்றைக் கீழே போட்டார்.

"செருப்பைக் கழத்திட்டு வாங்க."

காலையில் அந்த இரண்டு பேரின் அணிகளும் மோதியிருந்தன. மண் இன்னும் சமன் செய்யப்படவில்லை. செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில், ஷார்ட்ஸ்டாப் நிற்கும் இடத்தில், இசக்கியம்மாள் குத்தவைத்து உட்கார்ந்தார். ஆவுடையப்பனும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஷூவுக்கு அடியில கூரான பல்லு ரூபனுக்கு. புது ஷூ. பேச்சிமுத்துவுக்கு இடது ஷூவில முன்பல்லு ரெண்டு கிடையாது."

மண்ணில் ஆள் நீளத்துக்கு ஒரு சறுக்கல் கிடந்தது.

"ரூபன் பாய்ஞ்சது!" என்றார் ஆவுடையப்பன். "பிரமாதமான பிடி."

"யாரு இல்லேன்னா? பிடிச்சான்லா. இப்ப பக்கத்துல பாருங்க."

பக்கத்தில் சின்னச் சின்னதாக ஆறு காலடிகள். கடைசியில் இரண்டு கால்களும் ஆழமாக ஊன்றிய தடம். இடது காலில் முன்பல் இல்லை.

"அடுத்த பாதியில அதே மாதிரி பந்து இவனுக்கும் வந்துச்சு. மட்டையில படுறதுக்கு முன்னாடியே நகந்துட்டான். நின்னு எடுத்து எறிஞ்சான்."

"எப்போ? நான் பாக்கலையே!"

"நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீங்க."

"என்னத்தை?"

"ரூபன் பாய்ஞ்சத."

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்த நோட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இசக்கியம்மாள் எழுந்து செகண்ட் பேஸுக்குப் பின்னால் போனார். அங்கே மண் மிதிபட்டுக் கிடந்தது. பல் இல்லாத இடது கால், போனதும் வந்ததுமாக.

"கேட்சர் செகண்ட் பேஸுக்கு எறியும்போதெல்லாம் இங்க வந்து நிப்பான். பந்து தவறுனா பிடிக்க."

"எத்தனை தவறிச்சு?"

"ஒண்ணுகூட இல்ல."

ஆவுடையப்பன் தடங்களை எண்ண ஆரம்பித்தார். பதினொன்று வரை எண்ணினார். பிறகு குதிக்காத குறையாக நிமிர்ந்தார்.

"நாளைக்கு இதைத்தான் எழுதப்போறேன்! படத்தோட! பந்து வராத பக்கம் ஓடுறவன்னு பேர் வச்சு..."

செல்போனை எடுத்துக் குனிந்தார். வெயில் திரையில் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. இந்தப் பக்கம் ஒரு கோணம், அந்தப் பக்கம் ஒரு கோணம் என்று பார்த்தார்.

"எழுதுங்க சார், நல்லா எழுதுங்க," என்றார் இசக்கியம்மாள். "அடுத்த வாரம் பூரா, பந்து வராத பக்கமா பயலுவ ஓடிக்கிட்டுக் கிடப்பானுவ. ஓடிட்டு நீங்க பாக்கீங்களான்னு திரும்பித் திரும்பிப் பாப்பானுவ. பந்து ஒருபக்கம் அதுபாட்டுக்குப் போகும்."

சொல்லிக்கொண்டே கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். பலகை தடங்களை அழித்துக்கொண்டே ஆவுடையப்பனின் காலடிக்கு வந்தது.

"ஐயையோ! படம் எடுக்கலையே! என்ன இசக்கியம்மா இது?"

"நாலு மணிக்கு அடுத்த ஆட்டம் இருக்குல்லா? கால எடுங்க."

ஆவுடையப்பன் காலை எடுத்தார். அவர் நின்ற தடமும் போயிற்று.

மண் புதிதாக, வழவழவென்று கிடந்தது. ஆவுடையப்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார்.

பட்டியலில் காலியாக இருந்த இடத்தில் பேச்சிமுத்து என்று எழுதினார். பத்திரிகைக்கு அன்று எதுவும் அனுப்பவில்லை.