கழுவாத கிளாஸ்

"எல்லாம் புளிக்குதும்மா."

இந்த ஒரு புகாரைச் சொல்லத்தான் தணிகாசலம் மூச்சு வாங்க மலையேறி வந்திருந்தார். சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துணிப்பையைப் பதனமாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

செங்கமலம் ஒரு பீப்பாயின் மேல் காதை வைத்து, உள்ளே ஒயின் நொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எது புளிக்குது?"

"கீழே இருக்கிற கிடங்கு அத்தனையும் ஏறி இறங்கிட்டேன். எல்லா ஒயினும் புளிக்குது."

"ஒயின்னா புளிக்கத்தானய்யா செய்யும்."

"அதைத் தாண்டி ஒண்ணுமே தெரியலையேம்மா!"

செங்கமலம் இப்போதுதான் பீப்பாயிலிருந்து காதை எடுத்தார்.

வெள்ளிக்கரட்டுப் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் இல்லாத வீடு அபூர்வம். ஒயின் கிடங்கு வைத்திருப்பவர்கள் சனி, ஞாயிறு ஆனால் கதவைத் திறந்துவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் ருசி பார்க்க ஊற்றிக் கொடுப்பார்கள். வெளியூரிலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். ஒரு கிடங்கில் ஒரு வாய், அடுத்த கிடங்கில் ஒரு வாய் என்று சாயங்காலம் வரை சுற்றுவார்கள். சுற்றிவிட்டு ஒன்றும் விளங்காதவர்கள் கடைசியில் மலைமேல் ருசி பார்க்கக் கற்றுக்கொடுக்கும் செங்கமலத்திடம் வருவார்கள். அவருக்கு வயது நாற்பதுகூட இல்லை. தணிகாசலத்தின் மகளாக இருக்கலாம். இருந்தால் என்ன? பாடம் கேட்க வந்த இடத்தில் வயசு என்ன வேண்டிக்கிடக்கிறது?

"புளிச்சா விட்டுட்டுப் போகவேண்டியதுதானே? வீட்டுல மோர் இல்லையா?"

தணிகாசலம் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

பழைய சர்பத் பாட்டில். தக்கை அடித்து, மேலே மெழுகு ஊற்றியிருந்தது. மெழுகு ஓரிடத்தில் விரிசல் விட்டு, அங்கே சிவப்பாய் ஒரு கசிவு.

"என் வீட்டுக்காரி போட்டது. ஆக்னஸ்னு பேரு. போன கிறிஸ்துமஸுக்குத் திறக்கவேண்டியது. அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா. வேற பாட்டில் கிடையாது."

செங்கமலம் கசிவை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ஐயா, காத்து உள்ளே போயிருச்சு. ரொம்ப நாள் தாங்காது. காடியாயிரும்."

"தெரியும்மா. அதான் ஓடியாந்தேன்."

தணிகாசலம் திராட்சை விற்றவர். நல்ல குலையெல்லாம் சந்தைக்குப் போய்விடும். அடிபட்டதையும் உதிர்ந்ததையும் ஆக்னஸ் முறத்தில் பொறுக்குவாள். பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் ஊறவைத்துத் துணியால் வேடு கட்டிவிடுவாள். கிறிஸ்துமஸ் அன்று கோவிலுக்குப் போய்வந்ததும் முதல் காரியமாக ஒயினைத் திறப்பாள்.

"எப்படி இருக்கு?" என்பாள்.

"புளிக்குது" என்பார் இவர்.

ஒவ்வொரு வருசமும் இதே கேள்வி. ஒவ்வொரு வருசமும் இதே பதில். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். கடைசி வருசம் ஜாடியிலிருந்து இந்தப் பாட்டிலில் வடிக்கும்போது மட்டும் சொன்னாள்: "இந்த வாட்டியாவது புளிக்குதுங்கிறதை விட்டுட்டு வேற ஒரு வார்த்தை சொல்லணும். ஆமா, சொல்லிப்புட்டேன்."

"அந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா அலையறேன்" என்றார் தணிகாசலம். "திறந்துட்டா திறந்ததுதான். திறந்து குடிச்சுட்டு மறுபடியும் புளிக்குதுன்னு சொன்னா, அவ முகத்துல நான் எப்படி முழிக்கிறது? முதல்ல ருசி பார்க்கப் படிச்சுக்கிட்டு, அப்புறம் திறக்கலாம்னு பார்க்கிறேன்."

செங்கமலம் விரலில் ஒட்டியிருந்த கசிவைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லாட்டி ஒண்ணு பண்ணுங்க. நீங்களே ஒரு வாய் குடிச்சுட்டு, எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லிருங்க. நான் அதை அப்படியே அவகிட்ட சொல்லிடறேன்."

"நல்லா இருக்கே கதை! உங்க சம்சாரம் உங்களைக் கேட்டதுக்கு நான் பதில் சொல்லணுமா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, கீழே போங்க. உங்களுக்குப் பிடிச்ச மூணு கிடங்குல குடிங்க. குடிச்ச கிளாஸை மட்டும் வாங்கிட்டு வாங்க."

"கிளாஸா? ஒயின் வேணாமா?"

"கிளாஸ் போதும். கழுவக்கூடாது."

"கழுவாமலா?" அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

"கழுவாம."

குரு சொன்னால் சொன்னதுதான். தணிகாசலம் இறங்கினார்.

முதல் கிடங்கு ஒரு ரிட்டயர்டு ராணுவக்காரருடையது. பொன்னப்பா என்று பெயர். மீசையை நீவிக்கொண்டே ஊற்றினார்.

"முதல்ல பூ வாசம் வரும். அப்புறம் ஈர மண் வாசம். கடைசியா, கவனிங்க, புதுச் செருப்புத் தோல் வாசம்!"

"செருப்பா?"

"குடிச்சுட்டுப் பேசுங்க சார்."

குடித்தார். பூவும் வரவில்லை, மண்ணும் வரவில்லை. செருப்பு வராதவரைக்கும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, அங்கிருந்த வாளியில் துப்பினார். அதுதான் முறையாம். நடுக்கூடத்தில் வைத்தா துப்புவார்கள், கண்றாவி! தணிகாசலம் கிளாஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்தது கன்னியர் மடத்துக் கிடங்கு. பூசைக்கான ஒயின் அங்கேதான் தயாராகும். ஊற்றிக் கொடுத்த சிஸ்டர், இவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, புன்னகையோடு நிறுத்திக்கொண்டார்.

"எப்படிங்கய்யா இருக்கு?"

"நல்லா இருக்கு சிஸ்டர்" என்று பொய் சொன்னார் தணிகாசலம். கன்னியர் மடத்தில் பொய் சொன்னது வேறு மனசை அரித்தது.

கடைசிக் கிடங்கு கண்ணாடிக் கட்டடம். பாட்டும் கூத்துமாக இளவட்டங்கள். இவர் குடித்ததும் ஒரு பெண் கைதட்டினாள். இன்னொருத்தன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"அங்கிள், செம! இன்னொரு தடவை!"

வேட்டி கட்டிய ஆளை இவர்கள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கேட்டதற்காக இன்னொரு தடவையும் குடித்துக் காட்டினார். அதுவும் புளித்தது.

மறுபடி மலையேறினார்.

செங்கமலம் கிளாஸ்களை வாங்கி மேசையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே காலையில் வந்துபோனவர்கள் குடித்த கிளாஸ்கள் இருந்தன. அவற்றில் ஒன்றையும் இவருடையதில் ஒன்றையும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாருங்க."

வந்துபோனவர்களின் கிளாஸ் விளிம்பில் உதடு பட்ட தடம் தெரிந்தது. தணிகாசலத்தின் கிளாஸில் ஒயின் வழிந்த கோடு ஒன்று இருந்தது. மற்றபடி விளிம்பு பளிச்சென்று இருந்தது.

மற்ற இரண்டையும் பார்த்தார்கள். அவையும் அப்படித்தான்.

"இதுல யாரும் குடிக்கலையே" என்றார் செங்கமலம்.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க! சத்தியமா நான்தான் குடிச்சேன்."

"எங்கே, எப்படிக் குடிச்சீங்கன்னு காட்டுங்க."

கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தணிகாசலம் நிமிர்ந்து நின்று, தலையை அண்ணாந்து, கிளாஸைக் கண்ணுக்கு மேலே தூக்கிச் சரித்தார். தண்ணீர் ஒரே தாரையாகத் தொண்டையில் இறங்கிற்று. ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தக் காலத்தில் ஊரே மெச்சிய வித்தை அது.

"எச்சில் படாம" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. துடைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் துடைத்துக்கொண்டார்.

"குடிக்கும்போது கிளாஸ் எங்கே இருந்துச்சு?"

"மேலே."

"மூக்கு?"

"மூக்கு மூஞ்சியிலதான் இருந்துச்சு. வேற எங்கே போகும்?"

செங்கமலம் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பீப்பாயின் குழாயைத் திருகித் தன் கிளாஸில் கொஞ்சம் ஒயின் பிடித்தார். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தார். ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு அதே கிளாஸைத் தணிகாசலத்தின் முன் நீட்டினார்.

"இந்தாங்க."

தணிகாசலத்துக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது.

"என்னய்யா? வாங்கிக்கங்க."

"அது... எச்சில் பட்டதும்மா."

"ஆமா."

கை நீளவில்லை. அவர் கிளாஸைப் பார்க்கவும் இல்லை.

"அவளும் இதையேதான் சொல்லுவா" என்றார் கடைசியில். "முதல் வாய் அவ குடிச்சுட்டு, அந்த டம்ளரை அப்படியே நீட்டுவா. இந்தாங்கன்னுவா. நான் தனி டம்ளர்ல ஊத்துன்னுவேன். ஊத்தித் தருவா. அண்ணாந்து ஊத்திக்கிட்டு, புளிக்குதுன்னுவேன்."

"அவங்க கோவிச்சுக்கலையா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்லைம்மா. அடுத்த வருசமும் நீட்டுவா."

ஆக்னஸைக் கட்டுவதற்காக இந்த மனுசன் வீட்டை எதிர்த்துக்கொண்டு வெளியே வந்தவர். அப்பன் சொத்தை வேண்டாம் என்று உதறியவர். சாதி போயிற்று, சனம் போயிற்று. சின்ன வயசில் அம்மா தலையில் குட்டிக் குட்டிப் பழக்கிய இந்த அண்ணாந்து குடிக்கிற வழக்கம் மட்டும் போகவில்லை. அது இன்னும் கூடவே இருக்கிறது என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

செங்கமலம் தன் கிளாஸை மேசையில் வைத்தார்.

"பின்கட்டுல ரெண்டு பீப்பாய் பார்க்கணும். நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தணிகாசலம் உட்காரவில்லை. மேசையைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஆக்னஸின் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தார். மெழுகைச் சுரண்டினார். தக்கையை மெதுவாகத் திருகினார். அது அடம்பிடிக்காமல் வந்துவிட்டது.

தான் கொண்டுவந்த கிளாஸ் ஒன்றில் கொஞ்சம் ஊற்றினார். பழக்க தோஷம், கை தானாக மேலே போயிற்று. தலையும் அண்ணாந்தது.

பாதியில் நிறுத்தினார். கையைக் கீழே இறக்கினார்.

விளிம்பை உதட்டில் வைத்தார். கண்ணாடி சில்லென்று இருந்தது. குடிப்பதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. கிராம்பு. ஆக்னஸின் விரலில், சேலைத் தலைப்பில், கார்த்திகை மாதம் முழுக்க வீட்டில் அடிக்கும் அதே கிராம்பு வாசம். அதற்கு அடியில் பட்டை. அதற்கும் அடியில், வெயிலில் வெடித்த பழத்தின் வாசம்.

பிறகு குடித்தார். புளித்தது. புளிக்கத்தான் செய்தது. புளிப்பு போனபிறகு நாக்கின் அடியில் ஒரு இனிப்பு மெல்ல எழுந்து வந்தது. அது போவதாக இல்லை.

"அடிப்பாவி" என்றார் தணிகாசலம். "இதையாடி வருசா வருசம் நீட்டிக்கிட்டு நின்னே?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. யாருக்காக அடக்கவேண்டும்? வேண்டியமட்டும் அழுதார். அழுதுகொண்டே இன்னொரு வாய் குடித்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

செங்கமலம் திரும்பி வந்து அவருக்கு எதிரில் நின்றார். மேசையில் கிடந்த தக்கையைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு வாய் இருந்தது.

"எப்படி இருக்கு?"

தணிகாசலம் பதில் சொல்ல வாய் திறந்தார். பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டார்.

விளிம்பைத் துடைக்கவில்லை. கிளாஸை அப்படியே நீட்டினார்.

"இந்தாங்க."