பறக்காத முள்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் வெள்ளைத்தாயக்கா. என் சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். அவர் கட்டிலருகே தொட்டில் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதைதான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சுடுகிற விளையாட்டு விளையாடினார்கள். “மேலே பறந்து வர்றான், அடிடா, அடி!” என்று பெரியவன் கத்தினான். அடுப்படியில் நின்ற எனக்குச் சட்டென்று அந்தக் கதை நினைவுக்கு வந்தது. அவர் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் மிருகங்களும் பறவைகளும் ஒரே பேச்சுதான் பேசின. காட்டுக்கு நடுவில் ஓர் ஏரி இருந்தது. மழைக்காலத்தில் கடல் மாதிரி கிடக்கும். சித்திரை பிறந்தால் வற்றி வற்றி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். கோடை முழுக்க எல்லா உயிருக்கும் அந்தக் குட்டைத் தண்ணீர்தான். முதலில் இறங்குகிறவர்களுக்குத் தெளிந்த தண்ணீர் கிடைக்கும். பின்னால் இறங்குகிறவர்களுக்குச் சேறும் கலங்கலும்தான்.

யார் முதலில் இறங்குவது என்று கீழ்க்கரைக்காரர்களும் மேல்கரைக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். அடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, அந்தச் சண்டையை ஒரு விளையாட்டாக மாற்றினார்கள்.

இரண்டு கரையிலும் ஒவ்வொரு மேடு. மேட்டின் மேல் கல்யாண முருங்கைப் பூங்கொத்து ஒன்றை ஊன்றி வைப்பார்கள், சிவப்பாக, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி. எதிர்க்கரைப் பூவைக் கொண்டுவந்து தன் மேட்டில் சேர்க்கிற கட்சிக்கு அந்தக் கோடையின் முதல் தண்ணீர். எதிராளியை எறிந்து அடிக்கலாம். ஆனால் காயம் படக் கூடாது. அடி பட்டவர் எழுந்து போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட வேண்டும். நடுக்குட்டையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரைதான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள். அது சொல்வதுதான் தீர்ப்பு.

மேல்கரையில் குரங்கு வேப்பங்கொட்டை எறியும். வல்லூறு ஈரமண் உருண்டைகளைக் காலில் பிடித்துக்கொண்டு போய் உச்சியிலிருந்து போடும். கீழ்க்கரையில் ஓடுவதற்கு முயல், பூவுக்குக் காவலாக ஆமை, எய்வதற்கு ஒரு தாய் முள்ளம்பன்றி, பறப்பதற்குப் பனங்காடை.

முள்ளம்பன்றி எய்வாளா என்று கேட்பீர்கள். அப்போதெல்லாம் எய்வாள். உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் முள் விர்ரென்று பறக்கும். அந்த முள்ளுக்குக் கூர் கிடையாது. முனை மழுங்கி, ஈர்க்குச்சியின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். பட்டால் சுரீர் என்று இருக்கும், அவ்வளவுதான். கீழே ஓடுகிறவர்களை அடிக்க அது போதும். மேலே பறக்கிறவனை அடிக்கத்தான் போதவில்லை.

அதனால்தான் கீழ்க்கரை தொடர்ந்து தோற்றது. வல்லூறு உச்சியில் நின்று மண்ணைப் போட்டால் கீழே இருப்பவர்கள் என்னதான் செய்வார்கள்? முள்ளம்பன்றி குறி பார்த்து எய்வாள். முள் பாதி வானம் போய்க் களைத்துத் திரும்பி விழும்.

“என்ன மதினி, உங்க முள்ளு என் வாலுக்குக் கீழே வந்து கும்பிடு போட்டுட்டுப் போகுதே! இன்னும் கொஞ்சம் மேலே அனுப்புங்க, ஆசீர்வாதம் பண்ணி அனுப்பறேன்” என்று வல்லூறு மேலேயிருந்து சிரிப்பான்.

“இறங்கி வாடா, ஆசீர்வாதம் நான் பண்றேன்” என்பாள் அவளும்.

விளையாட்டில் பேசும் பேச்சு அது. அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் போன கோடையில் கலங்கல் தண்ணீர் குடித்து அவள் குட்டி ஒன்று வயிற்றுக்கடுப்பு வந்து போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒன்று. அதுவும் நோஞ்சான். இந்தக் கோடையும் சேற்றைக் குடித்தால் தாங்காது. அதற்குப் பிறகு வல்லூறின் சிரிப்பு அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது.

பனங்காடைக்கும் அது தெரியும். பட்டுப்போன பனை ஒன்றின் பொந்தில் அவன் குடியிருந்தான். அதே பனையின் வேரடியில் அவள் வளை. குஞ்சாக இருந்தபோது ஒரு காற்றில் அவன் பொந்திலிருந்து விழுந்துவிட்டான். இறகு முளைக்கிற வரைக்கும் பாம்பும் கீரியும் அண்டாமல் பக்கத்திலேயே படுத்துக் காத்தவள் அவள்தான். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

நல்ல பறவைதான். ஆனால் மேலே போய்விட்டால் கீழே ஆள் இருப்பதே அவனுக்கு மறந்துபோகும். வல்லூறைத் துரத்திக்கொண்டு கரணம் போட்டு, சிறகின் நீலத்தை ஊருக்கெல்லாம் காட்டி, எங்கேயோ போய்விடுவான்.

“நம்ம ஆளு மேலே போனா நம்ம ஆளா, ஆகாசத்து ஆளான்னே தெரியலை. போன தடவை நான் கொட்டையடி வாங்கிட்டு உட்கார்ந்திருக்கேன், ஐயா மேகத்துல டான்ஸ் ஆடிட்டிருக்காரு” என்று முயல் குறைப்பட்டது.

“நீ ஓடினா மட்டும் எங்களைத் திரும்பிப் பார்க்கிறியாக்கும்?” என்றது ஆமை.

பனங்காடைக்கு வெட்கமாகிவிட்டது. “இந்தத் தடவை அப்படிச் செய்ய மாட்டேன் அக்கா. நேரே போய்ப் பூவை எடுத்துட்டு வந்துடறேன்” என்றான்.

“நீ வர்றது எனக்கு எப்படித் தெரியும்? சாயங்கால விளையாட்டு. நீங்க ரெண்டு பேரும் மேற்கேயிருந்துதான் வருவீங்க. வெயில் கண்ணில் அடிச்சா நீயும் கறுப்பு, அவனும் கறுப்பு.”

“வரும்போது குரல் கொடுக்கிறேன். கிராக் கிராக்குன்னு சத்தம் கேட்டா நான். கேக்கலைன்னா அவன்.”

“சரிடா தம்பி” என்றாள். இருவருக்கும் அது போதும் என்று பட்டது.

விளையாட்டுக்கு முந்தின நாள் அவள் தனியாகப் பனைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பாறைக்குப் போனாள். முதுகின் நடுவில் இருந்த நீளமான முள்ளைப் பாறையில் வைத்துத் தேய்த்தாள். மழுங்கல் முனை கரைந்து, மெலிந்து, ஊசியானது. கூர் இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு உச்சிக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கூர் வைக்கக் கூடாது என்றும் தெரியும். ஒரே ஒரு முள்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். சிறகு ஓரத்தில் பட்டால் போதும், வல்லூறு இறங்கிவிடுவான், குட்டி தண்ணீர் குடிக்கும்.

“என்ன அக்கா சத்தம்?” என்று பனைமேலிருந்து கேட்டான் பனங்காடை.

“பல்லைத் தேய்க்கிறேன்டா.”

அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் வெயில் சாய்ந்ததும் நாரை கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது. விளையாட்டுத் தொடங்கியது. முயல் புழுதி பறக்க ஓடி, பாதி வழியில் கொட்டையடி பட்டு, முணுமுணுத்துக்கொண்டே புளியமரத்தடிக்குப் போனது. முள்ளம்பன்றி எய்த மழுங்கல் முள் குரங்கின் முழங்காலில் பட்டது. குரங்கும் பல்லைக் காட்டிக்கொண்டே போய் முயல் பக்கத்தில் உட்கார்ந்தது. வல்லூறு போட்ட மண்ணுருண்டை ஆமையின் ஓட்டில் விழுந்து சிதறியது.

“பட்டுது!” என்றான் வல்லூறு.

“வீட்டுக் கூரையிலதான் பட்டுது. எனக்குப் படலை” என்றது ஆமை.

நாரை கழுத்தை வளைத்து ஓட்டைப் பார்த்து, “கூரையும் நீதான். எழுந்து போ” என்றது. ஆமை எழுந்து புளியமரம் போய்ச் சேருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் மேட்டில் அவள் ஒருத்திதான். பனங்காடையும் வல்லூறும் ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு மேல்கரை மரங்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள். சத்தமே இல்லை. எதிரே சூரியன் தகதகவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கண்ணீர்தான் வந்தது.

அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு கறுப்பு உருவம் வந்தது. நேராக, வேகமாக, அவள் மேட்டைப் பார்த்து.

“தம்பியா?” என்றாள்.

பதில் இல்லை.

“டேய், நீயா? குரல் கொடு!”

உருவம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு, தலைகீழாகச் சரிந்து, அவள் மேலேயே விழுகிற மாதிரி வந்தது. பூவைப் பறிக்கத்தான் பாய்கிறான் என்று நினைத்தாள். நோஞ்சான் குட்டி கண்முன் வந்தது. உடம்பைச் சிலிர்த்தாள்.

கூர் முள் போயிற்று. அது களைக்கவில்லை, திரும்பி விழவும் இல்லை.

மேட்டின் மேல் தொப்பென்று விழுந்தான். விழுந்தபோது சிறகு விரிந்தது. அப்போதுதான் நீலம் தெரிந்தது.

அவன் அலகில் மேல்கரையின் சிவப்புப் பூங்கொத்து இருந்தது. அதைக் கவ்வியிருந்ததால்தான் குரல் கொடுக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் பூ விழுந்துவிடும். பூ விழுந்தால் தண்ணீர் போய்விடும். அவளுடைய குட்டிக்காக வாயை இறுக்கிக்கொண்டு, நான்தான் அக்கா, நான்தான் என்று சிறகாலேயே புரண்டு புரண்டு சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

“ஏன்டா... விட்டுட்டுக் கூப்பிட்டிருக்கலாமேடா” என்றாள். அவன் அலகு அப்போதும் திறக்கவில்லை. பூவோடேயே போய்விட்டான்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். முயல் ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வல்லூறு மேலேயிருந்து இறங்கி, தரையில் காலூன்றி, அவளுக்கு எதிரே வந்து நின்றான். அவன் அப்படி இறங்கி நின்று யாரும் பார்த்ததில்லை. பனங்காடையின் மார்பில் தைத்திருந்த முள்ளின் முனையைக் குனிந்து பார்த்தான்.

“மதினி, இது எனக்குத் தீட்டினதுதானே?”

“ஆமாம்.”

“என் கூட்டிலயும் குஞ்சு இருக்கு மதினி.”

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாரை பூவையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தது. மேல்கரைப் பூ கீழ்க்கரை மேட்டில் வந்து சேர்ந்துவிட்டது. முறைப்படி கீழ்க்கரைதான் ஜெயித்தது. மேல்கரைக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். குட்டி குடுகுடுவென்று இறங்கிப் போய்த் தெளிந்த தண்ணீரைக் குடித்தது. அதற்கு என்ன தெரியும்! வயிறு நிறையக் குடித்துவிட்டு, “அம்மா, நீயும் வா, இனிக்குது” என்று கூப்பிட்டது. அவள் இறங்கவில்லை.

அவனைப் பனையடியில் மண்ணைத் தோண்டி அவளே புதைத்தாள். பிறகு பாறைக்குப் போனாள். மிச்ச முட்களையாவது பழையபடி மழுங்கலாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், ஒன்று பாக்கியில்லாமல் எல்லா முள்ளுக்கும் கூர் வந்திருந்தது. பாறையில் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கூர் ஏறியதே தவிர இறங்கவில்லை. குட்டியின் முதுகைத் தடவினாள். பிறந்தபோது பஞ்சு மாதிரி இருந்த முள், அங்கேயும் குத்தியது.

அவள் பாறைமேல் தலையை வைத்து அழுதாள். “என்னைப் படைச்சவரே, கூரை எடுன்னு கேக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அது இருந்துட்டுப் போகட்டும். ஆனா இனிமே இது என் உடம்பை விட்டுப் பறக்க வேண்டாம். நான் கோபப்பட்டாலும் பறக்க வேண்டாம், பயந்தாலும் பறக்க வேண்டாம். யாரைன்னு தெரியாம நான் அடிக்க வேண்டாம்.”

மேலேயிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அழுகையில் உடம்பு குலுங்கியபோது ஒரு முள்கூட அசைந்து வெளியே போகவில்லை. ஒன்றோடொன்று மோதிச் சலசலத்தது, அவ்வளவுதான். கேட்டுவிட்டார் என்று அவள் தெரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஏரியில் யாரும் அந்த விளையாட்டை விளையாடவில்லை. இரண்டு கரைக் குட்டிகளும் முதலில் குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெரியவர்கள் கலங்கலைக் குடித்துக்கொண்டார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது.

அன்று முதல்தான் முள்ளம்பன்றியின் முள் பறப்பதில்லை. யாராவது வந்து மேலே மோதினால் கழன்று குத்துமே தவிர, தானாக ஒருவர் மேலும் பாயாது. அன்று முதல்தான் அது சூரியன் இருக்கிற நேரத்தில் வளையை விட்டு வருவதில்லை, வந்தாலும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பதில்லை. எதிரே என்ன வந்தாலும் முதலில் நின்று, முள்ளைச் சலசலவென்று ஆட்டி, யார் என்று கேட்கிறது. பதில் வருகிறதா என்று காத்துக்கொண்டு நிற்கிறது.

ராத்திரியில் காட்டு ரோட்டில் வண்டியில் போகும்போது அது குறுக்கே நின்றால், ஹாரன் அடிக்காதீர்கள். விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு, அது கடந்து போகிற வரைக்கும் நின்று போங்கள்.