ஆமை ஒத்துக்கொண்ட விலை

காட்டுக் குளத்தங்கரையில் மாசிலாமணி என்ற ஆமை புதிதாகக் கடை போட்டிருந்தது. எங்கோ தூரத்து ஏரியிலிருந்து வந்து குடியேறிய ஆமை அது. கடையில் ஒரே ஒரு சரக்குதான். குளத்துக் கோரையை அறுத்து, காயவைத்து, நெருக்கி முடைந்த தட்டி. பொந்து வாசலில் அதைச் சாத்திவிட்டால் எப்பேர்ப்பட்ட மழைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.

அந்தக் காட்டில் காசு கிடையாது, குன்றிமணிதான். குன்றிமணியைக் கொடுத்துத்தான் எதையும் வாங்க வேண்டும்.

ஒரு நாள் செவ்வந்தி என்ற கீரி அந்தக் கடைக்கு வந்தது. பேரம் பேசுவதில் செவ்வந்தியை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளே இல்லை. கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் பாதிக்குத்தான் கேட்கும். முடியாது என்றால் பொருளைப் பொத்தென்று கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று நடக்கும். பின்னாலிருந்து, "ஏம்மா, போகாதே, வா!" என்ற குரல் வரும்வரை திரும்பியே பார்க்காது. குரல் வந்துவிட்டால் அதன் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே, அது நல்ல பாம்பைப் பிடித்த அன்றுகூட வராத சிரிப்பு!

ஆனால் அன்று செவ்வந்திக்கு உண்மையிலேயே அவசரம். அது மூன்று குட்டி போட்டிருந்தது. ஒன்றுகூட இன்னும் கண் திறக்கவில்லை. வீடு புளியமரத்து வேருக்கடியில் ஒரு பொந்து. வாசலோ மேட்டைப் பார்த்து இருந்தது. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுக்க நேராக உள்ளேதான் வரும். மேற்கே மேகம் கறுத்துவிட்டது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. இருட்டுவதற்குள் வாசலுக்கு ஒரு தட்டி வாங்கியாக வேண்டும்.

"அண்ணே, தட்டி என்ன விலை?" என்று கேட்டது செவ்வந்தி.

"பத்து குன்றிமணி, தாயி."

"பத்தா! என்னண்ணே இது அநியாயம்! குளத்துல சும்மா கிடக்கிற கோரைக்குப் பத்தா? நான் கைக்குழந்தைக்காரி. அஞ்சுதான் என்னால முடியும்!"

சொல்லிவிட்டு, அடுத்த சண்டைக்கு மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. இப்போது ஆமை, 'கட்டுப்படியாகாது' என்று சொல்லும். 'அசலே எட்டு' என்று சொல்லும். இரண்டுக்கும் செவ்வந்தியிடம் பதில் தயாராக இருந்தது.

"சரி தாயி, அஞ்சு குடு. எடுத்துக்கோ," என்றது ஆமை.

இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று செவ்வந்திக்குத் தெரியவில்லை. "என்னண்ணே சொன்னீங்க?" என்றது.

"அஞ்சுக்கே எடுத்துக்கோன்னேன்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை! ஏன் உடனே ஒத்துக்கொண்டது? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டாமா? அப்படியானால் இதன் அசல் விலை மூன்றுதானோ? ஐந்து என்று கேட்டு நான்தான் ஏமாந்துவிட்டேனோ? செவ்வந்திக்குக் குழப்பமாகிவிட்டது.

"இல்லண்ணே, அவசரத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன். மூணுதான் முடியும்!"

"மூணா?" ஆமை கழுத்தை நீட்டிச் செவ்வந்தியை ஒரு நிமிஷம் பார்த்தது. "அடப் பாவமே! சரி, மூணே குடு."

இப்போது குழப்பம் இன்னும் அதிகமானது. செவ்வந்தி தட்டியைத் தூக்கிப் பார்த்தது. மோந்து பார்த்தது. பல்லால் இழுத்துப் பார்த்தது. நல்ல உறுதியான தட்டிதான். அதுதான் அதற்குப் புரியவே இல்லை. நல்ல பொருளை யாராவது இப்படித் தருவார்களா?

பக்கத்து மரக்கிளையிலிருந்து ரஞ்சிதம் என்ற அணில் எட்டிப் பார்த்தது. "அக்கா, மழை வருது! வாங்கிட்டு ஓடுங்க!" என்று கத்தியது.

"நீ சும்மா இருடி! உனக்கு என்ன தெரியும் வியாபாரத்தைப் பத்தி?" என்று அதட்டியது செவ்வந்தி. பிறகு தட்டியைப் பொத்தென்று கீழே வைத்தது. "ஒண்ணே ஒண்ணுதான் தருவேன். முடியாதுன்னா சொல்லுங்க, நான் போறேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. வழக்கம்போல வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் தொடங்கியது. ஒரு காலைக்கூடச் சரியாக எடுத்து வைக்கவில்லை, அதற்குள் குரல் வந்துவிட்டது.

"ஏன் தாயி போற? ஒண்ணே போதும், வா!"

அந்தக் குரலில் கோபம் இல்லை, சலிப்பு இல்லை. மனசு நொந்து இறங்கி வரும் கடைக்காரரின் குரலாகவே அது இல்லை. இப்படிக் கூப்பிட்டால் திரும்பி வருவதில் என்ன சுகம்?

"அந்த ஒண்ணும் இல்லைன்னா?" என்று வேண்டுமென்றே கேட்டது செவ்வந்தி.

"இல்லாட்டி என்ன தாயி? பச்சைப் பிள்ளைங்களுக்குத்தானே. சும்மாவே கொண்டு போ!"

பாம்பைப் பார்த்தால்தான் கீரிக்கு உடம்பு சிலிர்க்கும். செவ்வந்திக்கு இப்போது மூக்கிலிருந்து வால் நுனி வரை சிலிர்த்துவிட்டது! சும்மா தருகிறதா? இதில் ஏதோ சூது இருக்கிறது! கோரைக்குள் தேள் குடியிருக்கிறதோ? இல்லை, திருட்டுச் சரக்கோ? தலையில் கட்டிவிட்டுக் கை கழுவப் பார்க்கிறதோ?

"வேண்டாம்! எனக்கு ஒண்ணும் வேண்டாம்! ஆளை விடுங்க!" என்று கத்திவிட்டு ஓடியே போய்விட்டது.

ஆமை தலையைச் சொறிந்துகொண்டது. "ஏன் ஓடுறா? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"எனக்கும் ஒண்ணும் புரியல, பெரியப்பா," என்றது அணில்.

செவ்வந்தி நேராக ஆலமரத்தடிக்கு ஓடியது. அங்கே நல்லமுத்து என்ற நரியின் கடை இருந்தது. வாசலிலேயே ஒரு பனையோலைத் தட்டி சுருட்டி வைத்திருந்தது.

"இது என்ன விலை?"

"நாப்பது குன்றிமணி, அக்கா."

"பத்துக்குத் தா!"

"பத்தா! விளையாடுறியா? எங்கப்பன் எழுந்து வந்து கேட்டாலும் பத்துக்குத் தர மாட்டேன்!"

செவ்வந்திக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்பாடா! இதுவல்லவா கடை! இதுவல்லவா பேச்சு! குழம்பிக் கிடந்த தலை சட்டென்று தெளிந்துவிட்டது.

நரி தன் வால்மேல் சத்தியம் செய்தது. செவ்வந்தி தன் குட்டிகள்மேல் சத்தியம் செய்தது. நரி முப்பத்தைந்துக்கு இறங்கியது. செவ்வந்தி விறுவிறுவென்று நடந்தது. நரி கூப்பிட்டது. செவ்வந்தி மறுபடியும் நடந்தது. நரி இந்த முறை ஓடி வந்தே கூப்பிட்டது. கடைசியில் இருபதுக்குப் படிந்தது.

"உன்கிட்ட வியாபாரம் பண்ணினா நான் தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான், அக்கா!" என்று நரி அழாத குறையாகச் சொன்னது.

செவ்வந்தியின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தேவிட்டது! இவ்வளவு பேச்சில் ஒரு காரியம் மட்டும் விட்டுப்போனது. அந்தத் தட்டியை அது ஒரு தரம்கூட விரித்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தது. நாற்பதை இருபதாக்கியதில் மிச்சம் இருபது. ஆமையின் தட்டியைச் சும்மாவே வாங்கியிருந்தாலும் மிச்சம் பத்துதானே? ஆகவே நரியிடம் வாங்கியதுதான் லாபம்! கணக்கு எங்கோ இடித்தது. எங்கே இடிக்கிறது என்றுதான் பிடிபடவில்லை. அதற்குள் முதல் தூறல் முதுகில் விழுந்தது.

பொந்து வாசலில் தட்டியை அவசர அவசரமாக விரித்தது. மேல் சுற்றில் மட்டும்தான் நல்ல ஓலை! உள்ளே இருந்ததெல்லாம் செல்லரித்த ஓலை. தொட்டால் உதிர்ந்தது. முதல் காற்றிலேயே பாதி பறந்துவிட்டது. மிச்சத்தை மேட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

தண்ணீர் திபுதிபுவென்று பொந்துக்குள் இறங்கியது. செவ்வந்தி ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு புளியமரக் கவட்டைக்கு ஏறியது. இறங்கி வந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஏறியது. கடைசிக் குட்டிக்காகத் திரும்பி வந்தபோது அதன் மூக்கு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதையும் எப்படியோ இழுத்துக்கொண்டு ஏறிவிட்டது. ஏறிய கொஞ்ச நேரத்தில் பொந்து சரிந்து விழுந்தது. விடியும் வரை மழை விடவில்லை. கடைசிக் குட்டி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே இருந்தது, பால் குடிக்கவும் இல்லை. செவ்வந்தி அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதது.

விடிந்து மழை விட்ட பிறகு, சேற்றில் ஏதோ மெதுவாக நகர்ந்து வருவது தெரிந்தது. மாசிலாமணி! அதன் முதுகில் அந்தக் கோரைத் தட்டி!

"தாயி! இங்கதான் இருக்கியா? ரஞ்சிதம்தான் வழி சொல்லுச்சு. நீ ஓடின உடனேயே கிளம்பிட்டேன். என் நடை இவ்வளவுதான்," என்று மூச்சு வாங்கியது ஆமை.

செவ்வந்தி ஒன்றும் புரியாமல் கீழே இறங்கி வந்தது. "எதுக்குண்ணே கொண்டு வந்தீங்க? நான்தான் வாங்கலையே!"

"அஞ்சு, மூணுன்னு இறங்கி, கடைசியில ஒண்ணுகூட முடியாதுன்னியே. எங்க ஏரிப் பக்கம் ஒருத்தர் இவ்வளவுதான் முடியும்னு சொன்னா, அவங்க கையில அவ்வளவுதான் இருக்குன்னு அர்த்தம். நீ சும்மா வாங்க வெக்கப்பட்டுத்தான் ஓடிட்டேன்னு நினைச்சேன். கையில ஒண்ணும் இல்லாம பச்சைப் பிள்ளைங்களோட என்ன பண்ணுவியோன்னு எனக்கு மனசு கேக்கல."

நேற்று முழுக்க அதன் தலையில் சுற்றிக்கொண்டிருந்த கேள்விக்கு இவ்வளவுதானா பதில்? தேளும் இல்லை, திருட்டும் இல்லை. அந்த ஆமை, செவ்வந்தி சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே நம்பியிருக்கிறது! செவ்வந்திக்கு வெட்கம் தாங்கவில்லை.

"அண்ணே, என்கிட்ட குன்றிமணி இருந்துச்சு. பத்துக்கு மேலயே இருந்துச்சு," என்றது மெல்லிய குரலில்.

ஆமை குழம்பிப்போய் அதைப் பார்த்தது. "இருந்துச்சா? அப்புறம் ஏன் இல்லைன்னே?"

செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டு வாலில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டது.

"சரி, அது போகட்டும். மறுபடியும் மேகம் கூடுது. வாசல் எங்கே இருக்குன்னு காட்டு தாயி, தட்டியைச் சாத்திட்டுப் போறேன்," என்று சுற்றுமுற்றும் பார்த்தது ஆமை.

செவ்வந்தி தன் காலடியில் குவிந்து கிடந்த சேற்றைக் காட்டியது.

"வாசலே இல்லண்ணே!" என்று விம்மியது.

எவ்வளவு குறைத்தோம் என்பதிலேயே குறியாக இருப்பவர், எதற்காக வாங்க வந்தோம் என்பதைக் கோட்டைவிட்டுவிடுவார்.