மேகத்துக்குள் முதல் பங்களா

வால்பாறைக் காட்டை வெட்டித் தேயிலை போட வந்தவர்கள் முதன்முதலில் எழுப்பிய பங்களாவை மறுநாள் காலை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று நீர்வண்ண ஓவியர் கோதண்டம் கும்பகோணத்திலிருந்து நாலு பஸ் மாறி வந்து சேர்ந்திருந்தார். கேட்டில் பூட்டு. சாவி வாட்ச்மேன் சூசைமுத்துவின் இடுப்பில். சூசைமுத்து எதிர் டீக்கடையில்.

"நிசமாவே படம் வரையறவர்தானான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? போன மாசம் தேக்குக் கதவைக் கழட்ட வந்தவனும் இப்படித்தான் பை மாட்டிக்கிட்டு வந்தான்."

பையிலிருந்த பழைய படங்களைக் காட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கோதண்டத்துக்கு வாய்தான் முந்தும்.

"ஒரு மலையில முதல் தபாலாபீஸை வரைஞ்சேன். காயறதுக்குள்ள நாலு பேர் படத்துல கடுதாசி போட்டுட்டாங்க."

"போய்ச் சேந்துச்சா?" என்றாள் டீ ஆற்றிக்கொண்டிருந்த சலேத்தம்மாள்.

"மூணு சேந்துச்சு. நாலாவதுல ஸ்டாம்பு ஒட்டலை. இன்னொரு தோட்டத்துல யானை வந்து கூலிக்காரங்க இருந்த லயத்து வீட்டைத் தட்டிருச்சு. புதுசு கட்டற வரைக்கும் ஒரு குடும்பமே என் படத்துலதான் குடியிருந்துச்சு."

"மழைக்கு ஒழுகலையா?" என்றார் சூசைமுத்து.

"ஒழுகுச்சு. ரெண்டு ஓடு வரைய மறந்துட்டேன், தப்பு என்னோடதுதான்." தப்பை ஒப்புக்கொண்ட பெருந்தன்மையில் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"குளிருக்கு?"

"கணப்பு அடுப்பைக் கொஞ்சம் சிவப்பாப் போட்டுட்டேன். வேர்த்து ஊத்துது, ஜன்னல் வரைஞ்சு குடுங்கன்னு ஆளனுப்பினாங்க."

சூசைமுத்து சிரிக்கவில்லை. "இங்க இருந்தே பங்களாவை வரைஞ்சு காட்டுங்க. சரியா இருந்தா சாவி தர்றேன்."

கோதண்டம் தாளை விரித்து, தண்ணீர் ஊற்றி, தலை நிமிர்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. பங்களா இல்லை, கேட் இல்லை, சாலைகூட இல்லை. இனி நாளை மதியம்தான் விலகும் என்றாள் சலேத்தம்மாள். இன்று விட்டால் அந்தப் பங்களாவை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. கோதண்டம் கெஞ்சிக் கேட்டிருக்கலாம். அதற்கும் வாய் விடவில்லை. வெற்றுத் தாளை எடுத்து நீட்டினார்.

"முடிஞ்சுது. எங்க தொழில்ல வெள்ளைக்குன்னு தனிக் கலர் எடுக்க மாட்டோம். வெள்ளை வேணுங்கற எடத்துல தாளை அப்படியே விட்டுடணும். வெள்ளையடிச்ச பங்களா, வெள்ளை மேகம். எங்க குறைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

சூசைமுத்து தாளை வாங்கி, மேகத்துக்கு நேரே பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"அச்சு அசலா இருக்குங்க," என்றார். இடுப்பில் கைவிட்டு, மூடிய கையைக் கோதண்டத்தின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

கோதண்டம் விரித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"சாவிதாங்க. மேகத்துல தெரியாது. போய்த் திறந்துக்கங்க."