அடைக்கோழி யாரோடு பேசியது

குருவுக்கு வயது குறைவு, சிஷ்யைக்கு அதிகம். அதனால் நாச்சாத்தாள் தன் சிஷ்யை வள்ளிநாயகியை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். வள்ளிநாயகி அவளைச் 'சாமி' என்பாள். கரட்டடி மடத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலம் வள்ளிநாயகி கைக்குழந்தையோடு வந்தாள். அவள் பெற்றதல்ல அது. அவள் பெற்றது பிறந்த அன்றே போய்விட்டது. அதே வாரம் நாத்தனார் பிரசவத்தில் செத்துப்போக, அந்தச் சிசுவை வீட்டார் இவள் மடியில் போட்டிருந்தார்கள்.

"இது மடத்துலயே இருக்கட்டும் சாமி. எங்கிட்ட இருந்தா செத்துப்போயிரும்."

"பால் குடுக்கறதில்லீங்களா?"

"இது அழுதா சுரக்கவே மாட்டேங்குது. வெறுந்தொட்டில்ல எம்புள்ள அழுகிற சத்தம் கேக்கும் பாருங்க, அப்பத்தான் சேலை நனையுது. இதுக்கு ஆட்டுப்பால்தான். எலும்பும் தோலுமாப் போச்சு."

"வந்ததுதான் வந்தீங்க, ஒரு கை புடிங்க" என்று நாச்சாத்தாள் குழந்தையை வாங்கிப் பாயில் கிடத்திவிட்டு, அவளை மடத்துக் குடிசையின் மூலைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே கூடையில் ஒரு கருங்கோழி அடை கிடந்தது. அடியில் இருந்ததெல்லாம் கூமுட்டை. பொரிக்கிற நாள் எப்போதோ தாண்டிவிட்டது. பக்கத்தில் ஒரு சட்டியில் முந்தின நாள் பொரித்த குஞ்சுகள். அவற்றின் தாயைக் காலையில் கீரி கொண்டுபோயிருந்தது.

கருங்கோழி தாழ்ந்த குரலில் 'கொர்... கொர்...' என்றது. நிறுத்தியது. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தது. பதில் கேட்டதுபோல மறுபடியும் பேசியது. வள்ளிநாயகிக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

"யாருகூடச் சாமி பேசுது?"

"முட்டைகூட."

"அதுலதான் உசுரே இல்லையே!"

"நீங்க ஆட்டுற தொட்டில்ல மட்டும் என்ன இருக்குதாம்?"

வள்ளிநாயகிக்குச் சுருக்கென்றது.

இருட்டியதும் நாச்சாத்தாள் விளக்கை அணைத்தாள். "பேசக் கூடாது. ஒரு முட்டையை எடுத்தா, அந்தச் சூட்டுலயே ஒரு குஞ்சை வெக்கோணும்."

"பாவம் சாமி, ஏமாத்தறோமே."

"அடியில கையை விடுங்க."

வள்ளிநாயகி கையை விட்டாள். செத்த முட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. கோழி கொத்தவில்லை. அதன் தலை மெல்ல இறங்கி அவள் மணிக்கட்டின் மேல் படிந்து, அப்படியே கிடந்தது. அவளுக்கு வீலென்று கத்த வேண்டும் போலிருந்தது.

கடைசிக் குஞ்சும் உள்ளே போனது. கோழியிடமிருந்து சத்தமே இல்லை. குஞ்சுகளைக் கொன்றுபோடுமோ என்று அவள் பயந்தாள். வெகுநேரம் கழித்து 'கொர்' என்றது. இந்த முறை அடியிலிருந்து பதில் வந்தது.

எடுத்த முட்டைகளை நாச்சாத்தாள் வெளியே எருக்கஞ்செடி அடியில் புதைத்துவிட்டு வந்து படுத்தாள். குழந்தை ராத்திரியெல்லாம் முனகியது.

விடிந்ததும் கோழி குஞ்சுகளோடு வெளியே வந்தது. யாரும் காட்டித் தரவில்லை, நேராக எருக்கஞ்செடிக்குப் போனது. கிளறவில்லை. மண்ணைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, அதே தாழ்ந்த குரலில் பேசியது. காது கொடுத்தது. குஞ்சுகளும் சத்தமில்லாமல் நின்றன. பிறகு கோழி திரும்பி, செத்தையைக் கிளறி அவற்றை இரைக்குக் கூப்பிட்டது.

"ஐயோ, அதுக்குத் தெரிஞ்சிருக்குது சாமி!"

"தெரியாம என்னங்கக்கா?"

"அப்புறம் எதுக்கு விளக்கை அணைச்சீங்க?"

உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. நாச்சாத்தாள் வள்ளிநாயகியின் தோளைப் பிடித்துக் குடிசைக்குள் அனுப்பி, வெளியே இருந்தபடி வாசல் படலைச் சாத்தினாள். உள்ளே இருட்டானது.

"நாம பாத்துட்டே நின்னா, அது எப்படிங்கக்கா றெக்கையை விரிக்கும்?" என்றாள்.

குழந்தை இன்னும் கொஞ்சநேரம் அழுதது. அப்புறம் பால் குடிக்கிற சத்தம் கேட்டது.