அளவுக் கை

எங்கள் ஊரில் முட்டாள்கள் மூன்று பேர் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. என்னையும் சேர்த்தால் நாலு.

ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் கொரியாக்காரர்கள் பெரில்லா என்று ஒரு கீரை தின்பார்கள். சுட்ட கறியை அந்த இலையில் மடித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். அதைப் பயிர் செய்ய எங்கள் நாலு பேருக்கும் என் அத்தை அரை ஏக்கர் விட்டுக்கொடுத்தாள்.

"முதல் பறிப்பை ஓட்டல்காரர் வேணாம்னு சொன்னாருன்னு வெச்சுக்கோ, அப்பவே உழுதுட்டுக் கேழ்வரகு போட்டுடுவேன்டா" என்றும் சொல்லிவைத்தாள்.

கொரிய ஓட்டலுக்குக் கீரை வாங்கும் அல்போன்ஸ் சார் போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இலை உள்ளங்கை அளவு இருக்கணும். பெரிசும் வேணாம், சிறிசும் வேணாம். சனிக்கிழமை வர்றேன்."

போனை வைத்ததும் எங்கள் நாலு பேரில் மூத்தவரான வேதாசலம் மாமா கேட்டார்: "யாரு உள்ளங்கை?"

அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. வரப்பில் உட்கார்ந்து நாலு பேரும் எட்டுக் கையை நீட்டினோம். எட்டும் எட்டு அளவு.

"உழைக்கிற கை தேயும் மாமா, அளவு மாறிப்போயிடும்" என்றான் தேசிங்கு. "நம்ம கன்னியப்பன் கைதான் சரி. பொறந்ததுலேர்ந்து ஒரு வேலையும் பாக்கல."

கன்னியப்பன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"வலதா, இடதா?" என்று கேட்டேன்.

"இடது. வலதுலதான் சோறு துன்றானே" என்றான் தேசிங்கு.

அன்றிலிருந்து அது அளவுக் கை. வெயிலில் சுருங்கிவிடக் கூடாதென்று நான் குடை பிடித்தேன். கைக்கு மட்டும்தான். கன்னியப்பன் வெயிலில் நடந்தான்.

புதன்கிழமை இலை கைக்குச் சரியாக வந்தது. பறிக்கலாம் என்று குனிந்தபோது வரப்போரப் புளியமரத்துக் கூட்டிலிருந்து ஒரு குளவி வந்து அளவுக் கையைக் கொட்டியது. கை இட்லி மாதிரி உப்பிவிட்டது.

மாமா ஓர் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "பத்தலப்பா. இன்னும் வளரணும்."

வளரவிட்டோம். தண்ணீர், எரு எல்லாம் கூடுதலாகவே கொடுத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலை வீங்கிய கைக்குக் கச்சிதமாக வந்தது. சனிக்கிழமை காலையில் வீக்கம் வடிந்துவிட்டது.

"போச்சு" என்றான் தேசிங்கு. "இப்ப இலை பெரிசு. அதைச் சின்னதாக்க முடியுமா?"

எங்கள் நாலு பேரில் காலேஜ் போனவன் நான் ஒருத்தன். "இலையை முடியாது. கையைப் பெரிசாக்கலாம்" என்றேன்.

கன்னியப்பன் யோசித்தான். "வலது கையை நீட்டட்டா? இது இன்னும் வலிக்குது."

"அது அளவுக் கை இல்லியேப்பா" என்று மாமா அன்பாக எடுத்துச் சொன்னார். கன்னியப்பனுக்கும் அது நியாயமாகவே பட்டது. போய்க் கூட்டருகே நீட்டிவிட்டு வந்தான். கை உப்பியது. இலை மறுபடி கச்சிதம்.

பத்து மணிக்கு அல்போன்ஸ் சார் வந்தார். அத்தையும் டிராக்டர்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றாள். சார் ஓர் இலையைக் கிள்ளித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பெரிசா இருக்கே தம்பி. இதை எடுக்க முடியாது."

அத்தை டிராக்டர்காரரைப் பார்த்தாள். நாங்கள் நாலு பேரும் சாரின் கையைப் பார்த்தோம். மெலிந்த, சின்னக் கை. பிறகு புளியமரத்தைப் பார்த்தோம்.

"சார்" என்றேன் மெதுவாக. "வெயில் ஜாஸ்தியா இருக்கு. அப்படி மரத்தடிக்கு வந்து நில்லுங்களேன். கையை மட்டும் கொஞ்சம் மேல தூக்கி வெச்சுக்குங்க."