முப்பதுக்குப் பதினொன்று

முதுமையியல் முதுகலை வகுப்பிலேயே மூத்தவர் சகாயம்தான். வயது ஐம்பத்தாறு. ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேராசிரியை நிலோஃபர் அவரைவிட இருபது வயது இளையவர். அதில் சகாயத்துக்கு லேசான இளக்காரம் உண்டு. ஆனால் படிப்பில் கெட்டி.

களப்பயிற்சிக்குப் போன முதியோர் இல்லத்தில் மாடக்கண்ணு என்பவருக்கு ஞாபகச் சோதனை நடத்தினார். முடித்த கையோடு தாளைப் பேராசிரியையிடம் நீட்டினார்.

"முப்பதுக்குப் பதினொன்று, மேடம். மறதி நோய் முத்திடுச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா இன்னைக்கே பூட்டுப் போட்ட வார்டுக்கு மாத்திடுவாங்க."

"என்ன மாசம்னு கேட்டதுக்கு என்ன சொன்னார்?"

"ஐப்பசின்னார். தேதி ஒன்பதாம். தாள்ல அக்டோபர் இருபத்தாறுன்னு இருக்கு. பூஜ்யம் போட்டேன்."

"ரெண்டும் ஒரே நாள்தான், சார். படம் வரையச் சொன்னீங்களே?"

"பென்சில் பிடிக்கவே மறந்துட்டார், பாவம்."

"அவர் பள்ளிக்கூடம் போனதே இல்லை, சார். ஆயுசு முழுக்க ஆடு மேய்ச்சவர்."

"இருக்கலாம் மேடம். மார்க் மார்க்தானே?"

நிலோஃபர் புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு சகாயத்தோடு மாடக்கண்ணுவின் கட்டிலருகே போனார்.

"ஐயா, இப்ப நீங்க இவரை நாலு கேள்வி கேளுங்க."

கிழவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு வளர்பிறையா தேய்பிறையா, தம்பி?"

சகாயம் விழித்தார்.

"செனை ஆடு எத்தனை மாசத்துல குட்டி போடும்?"

"ஒன்பது?"

"வெளங்குச்சு. மழை இப்ப எந்தப் பக்கமிருந்து வரும்?"

சகாயம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் உதவவில்லை.

"சரி, ஆட்டைக் கூப்பிட்டுக் காட்டு."

சகாயம் தொண்டையைச் செருமினார். அதோடு நின்றுவிட்டார். நிலோஃபர் தாளின் தலைப்பில் 'சகாயம்' என்று எழுதி, வரிசையாக நான்கு பூஜ்யம் போட்டார்.

"இதை ஆபீஸ்ல குடுத்துடட்டுமா, சார்?"

சகாயத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன மேடம் அநியாயம்! நான் எந்தக் காலத்துல ஆடு மேய்ச்சேன்? கேள்வியே தப்பு!"

"விடுங்கம்மா," என்றார் மாடக்கண்ணு. "தெரியலைன்னா போகட்டும். தம்பியைத் திட்டாதீங்க."

நிலோஃபர் பழைய தாளைச் சகாயத்தின் கையில் வைத்தார்.

"கேள்வி தப்புன்னு நீங்க சத்தம் போட்டீங்க. அப்படிச் சொல்லலாம்னே ஐயாவுக்குத் தெரியாது. அவருக்காக அதைச் சொல்றதுக்குத்தான் சார், உங்களுக்கு ரெண்டு வருஷப் படிப்பு."